ஓடாத காருக்கும் வயதாகிறது

பிரிட்டனில் இரண்டு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் கார்கள் விலைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 1991ஆம் ஆண்டு மாடல். முதல் கார் இதுவரை 50,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. வருடத்தில் பெரும்பகுதி கராஜுக்குள் போர்த்தியபடி நின்றது. இரண்டாவது கார் 2,50,000 கிலோமீட்டர் ஓடியது. உரிமையாளரை அன்றாடம் வேலைக்கு ஏற்றிப் போய்வந்தது. பழுதுபார்த்ததற்கெல்லாம் ரசீது இருக்கிறது. எதை வாங்குவது? பார்த்தவுடன் முதல் காரைக் கைகாட்டத் தோன்றும். ஆனால் நாளை முதல் தினமும் ஓட்டப் போகிறவருக்குப் பெரும்பாலும் இரண்டாவது கார்தான் நல்ல தேர்வு. இதற்கான காரணம் வேதியியலிலும் இயற்பியலிலும் இருக்கிறது.

காரின் வயதை நாம் கிலோமீட்டரில் மட்டுமே கணக்கிடுகிறோம். உண்மையில் அதற்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஓட்டத்தால் வரும் தேய்மானம் ஒன்று. நாள்காட்டியோடு சேர்ந்து நடக்கும் வேதிமாற்றம் இன்னொன்று. பிரேக் பேட், கிளட்ச் பிளேட், பால் ஜாயிண்ட், வீல் பேரிங் போன்றவை முதல் கணக்கைச் சேர்ந்தவை. எது தேயும், ஏறக்குறைய எப்போது தேயும் என்பது தெரியும், கழற்றி மாற்றிவிடலாம். ரப்பர், பிளாஸ்டிக், பிரேக் ஆயில், கூலண்ட், பாடியின் இரும்புத் தகடு ஆகியவை இரண்டாவது கணக்கில் வருகின்றன. கார் நின்றாலும் ஓடினாலும் இவற்றுக்குள் வேதிவினைகள் நடந்துகொண்டேயிருக்கும். வெளியே தெரியும்போது பாதிக் காலம் கடந்திருக்கும்.

எம்எக்ஸ்-5ஐ எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் இது முதன்முறையாகக் காட்டப்பட்டது. இரண்டே இருக்கைகள், மடக்கும் கூரை, 1,000 கிலோவுக்கும் குறைந்த எடை, முன்பக்கம் 1.6 லிட்டர் இன்ஜின், பின்சக்கர ஓட்டம். 1960களின் லோட்டஸ் எலான் போன்ற பிரிட்டிஷ் திறந்த கார்களின் மகிழ்ச்சியை, தினமும் தயக்கமின்றி ஸ்டார்ட் ஆகும் ஜப்பானிய நம்பகத்தன்மையோடு கொடுக்க வேண்டும் என்பதே நோக்கம். 1997 வரை வந்த முதல் தலைமுறையில் மட்டும் 4 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் தயாராயின. எல்லாத் தலைமுறைகளையும் சேர்த்து 2016இல் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தொட்டது. அதனால்தான் முப்பது வயது தாண்டிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இன்றும் பிரிட்டனின் மழைச் சாலைகளில் அன்றாட வாகனமாக ஓட முடிகிறது. அந்த வயதில் ஒரு இயந்திரத்துக்கு என்னென்ன நேர்கிறது என்பதைப் படிக்க இதைவிடத் தோதான கார் கிடைப்பது அரிது.

இன்ஜின்: ஓட்டத்தைவிடக் குளிர்தான் பகை

இன்ஜின் ஓடும்போது கிராங்க் ஷாஃப்ட் தன் பேரிங்கின் மேல் உரசிக்கொண்டு சுற்றுவதில்லை. சுழலும் வேகத்தில் ஆயில் இடுக்குக்குள் இழுக்கப்பட்டு மெல்லிய படலமாகிறது. அதன் அழுத்தம் உலோகத்தை உலோகத்திடமிருந்து தூக்கிப் பிரித்து வைக்கிறது. படலத்தின் கனம் மைக்ரான் அளவுதான். ஆனாலும் அது இருக்கும்வரை தேய்மானம் மிகச் சொற்பம். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடும் 100 கிலோமீட்டர் இன்ஜினை அதிகம் பாதிக்காததற்கு இதுவே காரணம். ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில விநாடிகளில் படலம் இன்னும் உருவாகியிருக்காது. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் மேலே கேம் ஷாஃப்ட் வரை போய்ச்சேரவும் தாமதமாகும். தேய்மானத்தில் கணிசமான பங்கு அப்போதுதான் நடக்கிறது.

குளிர்ந்த இன்ஜினுக்கு இன்னொரு தொல்லை தண்ணீர். பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் எரியும்போது நீராகிறது. கணக்குப் போட்டால் 1 லிட்டர் பெட்ரோல் எரிந்து ஏறக்குறைய 1 லிட்டர் நீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே வெளியேறிவிடும். ஒரு சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி, குளிர்ந்த சுவர்களில் படிந்து ஆயிலோடு கலக்கிறது. அத்துடன் எரியாத பெட்ரோலும், எரிதலில் பிறக்கும் அமிலங்களும் சேர்கின்றன. ஆயில் நன்றாகச் சூடேறினால் நீரும் பெட்ரோலும் ஆவியாகிப் போய்விடும். இரண்டு கிலோமீட்டர் தூரத்துக் கடைக்குப் போய்த் திரும்பும் காரில் ஆயில் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. கூலண்ட் வெப்பத்தைக் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டால் இன்ஜின் தயார் என்று நினைக்கிறோம். ஆயில் சூடாக அதைவிட நெடுநேரம் பிடிக்கும். சைலன்சருக்கும் இதே கதிதான். உள்ளே தேங்கும் அமிலநீர் அதை உள்ளிருந்தே அரித்துவிடும்.

எனவே அன்றாடப் பயணம் இருபது, முப்பது நிமிடம் இருந்தால் அது இன்ஜினுக்கு நல்லது. ஆயில் சூடாகும்வரை இன்ஜினை வேகமாகச் சுழற்றாமல் ஓட்ட வேண்டும். வேறு வழியின்றிச் சிறு தூரமே ஓடும் கார் என்றால், குறித்த கிலோமீட்டரை எட்டாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது ஆயிலை மாற்றிவிட வேண்டும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் வால்வுகளின் இடைவெளியை ஆயில் அழுத்தமே சரிசெய்கிறது. அதற்கான சிறிய உருளைகளில் பழைய ஆயிலின் கசடு படிந்தால், தலைப்பகுதியிலிருந்து டிக் டிக் என்று ஓசை வரும். அந்த ஓசை கேட்டால் முதலில் ஆயிலைத்தான் பார்க்க வேண்டும்; பல நேரம் புது ஆயிலும் ஒரு நீண்ட பயணமும் அதைத் தணித்துவிடும்.

தண்ணீரை உறிஞ்சும் பிரேக் ஆயில்

பிரேக் ஆயில் என்று நாம் அழைத்தாலும் பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்பு நீர்விடுவதுபோல் இது காற்றிலிருந்து ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். மூடிய குழாய்க்குள் இருந்தாலும் ரப்பர் ஹோஸ்களின் நுண்துளைகள் வழியே ஈரம் மெல்ல உள்ளே போகிறது. டாட்-4 என்ற பிரேக் ஆயில் தரத்துக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் நீர் கலந்த நிலையில் 155 டிகிரி. அதாவது கொஞ்சம் ஈரம் சேர்ந்ததுமே 75 டிகிரி பறிபோகிறது.

மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது இது உயிர்ப் பிரச்சினையாக மாறும். டிஸ்க்கின் சூடு கேலிப்பருக்குள் இருக்கும் திரவத்துக்கு ஏறி, அது கொதித்தால் ஆவிக்குமிழிகள் உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. ஆவியைச் சுருக்க முடியும். மிதிக்கும் விசையெல்லாம் குமிழிகளைச் சுருக்குவதிலேயே செலவாக, பெடல் தரை வரை போகும்; கார் நிற்காது. அதோடு அந்த நீர் கேலிப்பர் பிஸ்டனையும் கிளட்ச் சிலிண்டரையும் உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கிறது. எம்எக்ஸ்-5இன் கிளட்சைத் தள்ளும் சிறிய ஸ்லேவ் சிலிண்டர் அடிக்கடி கசியும் பாகம் என்று இந்தக் காரைத் தெரிந்த எல்லா மெக்கானிக்குகளுக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக்கிலும் கிளட்சிலும் திரவத்தை மாற்றுவது இதற்கெல்லாம் சேர்த்துச் செய்யும் மலிவான காப்பு.

கூலண்டும் இதே வகை. அதிலிருக்கும் எத்திலீன் கிளைக்கால் உறையாமல் காக்கும். அதுவே முழு வேலை ஆகாது. இந்த இன்ஜினின் பிளாக் வார்ப்பிரும்பு, தலைப்பகுதி அலுமினியம். இரண்டு வேறு உலோகங்கள் ஒரே நீரில் நனைந்தால் மின்வேதி அரிமானம் தொடங்கும். அதைத் தடுக்கச் சேர்க்கப்பட்ட வேதிப்பொருள்கள் காலப்போக்கில் தீர்ந்துபோகின்றன. கூலண்ட் பார்க்கத் தெளிவாக, சரியான நிறத்தில் இருந்தாலும் பாதுகாக்கும் திறனை இழந்திருக்கலாம். ரேடியேட்டரின் மேல்தொட்டி நைலான் வகைப் பிளாஸ்டிக். சூடான நீரில் பல்லாண்டு கிடந்து அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபடுகின்றன. புதிதில் கறுப்பாக இருந்த தொட்டி பழுப்பாக நிறம் மாறியிருந்தால் அது வெடிப்பதற்கு முந்தைய நிலை. ரேடியேட்டரை மாற்றும் செலவு, சூடேறி வளைந்த சிலிண்டர் தலையைச் சரிசெய்யும் செலவில் ஒரு துளி.

ரப்பரின் ஆயுள்

ரப்பரின் நெகிழ்ச்சி அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் வருகிறது. ஆக்சிஜனும் வெப்பமும் அந்தச் சங்கிலிகளுக்கிடையே கூடுதல் முடிச்சுகளைப் போடுகின்றன, ரப்பர் கெட்டிப்படுகிறது. காற்றில் மிகக் குறைந்த அளவில் இருக்கும் ஓசோன் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளை நேராகவே வெட்டுகிறது. இழுவிசையில் இருக்கும் இடத்தில் அந்த வெட்டுகள் விரிசலாக விரிகின்றன.

டயர் தயாரிப்பவர்கள் இதை அறிந்து ரப்பருக்குள் மெழுகையும் ஓசோன் எதிர்ப்பு வேதிப்பொருள்களையும் கலந்து வைக்கிறார்கள். டயர் உருண்டு வளைந்து நிமிரும்போது அவை மெல்ல மேற்பரப்புக்கு வந்து காப்பாகப் படிகின்றன. நின்றே கிடக்கும் டயரில் அந்த இயக்கம் இல்லை. ஆகவே கோடுகள் ஆழமாக, புதிதுபோலத் தெரியும் பழைய டயர் பக்கச்சுவரில் மயிரிழை விரிசல்களோடு இருப்பதைப் பார்க்கலாம். டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பேருந்து, லாரிகளின் முன் அச்சில் பத்து ஆண்டைத் தாண்டிய டயர்களைப் போட 2021 பிப்ரவரியில் பிரிட்டன் தடை விதித்தது. சொந்தக் காருக்கு அந்தச் சட்டம் பொருந்தாவிட்டாலும் அதன் பின்னாலிருக்கும் அறிவியல் பொருந்தும். மழையில் பிடிமானத்தைத் தீர்மானிப்பதில் டயரின் மென்மைக்குப் பெரும் பங்குண்டு. எடை குறைந்த, பின்சக்கரம் தள்ளும் காரில், கெட்டிப்பட்ட டயர் ஓட்டுநரை எச்சரிக்காமலே நழுவும்.

சஸ்பென்ஷனில் இதன் விளைவு நுட்பமானது. எம்எக்ஸ்-5இன் நான்கு சக்கரங்களும் இரட்டை விஷ்போன் அமைப்பில் தொங்குகின்றன. சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் கைகள் இணையும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு ரப்பர் புஷ் உண்டு. எல்லாப் புஷ்களும் ஒரே காலத்தில் மெல்ல இறுகுவதால் அன்றாடம் ஓட்டுபவருக்கு மாற்றம் தெரிவதில்லை. இந்தக் காருக்குப் பெயர் வாங்கித் தந்த துல்லியமான ஸ்டியரிங் உணர்வு பத்து ஆண்டில் கரைந்து போய்விட, அதுதான் காரின் இயல்பு என்றே பழகிவிடுவார். புஷ்களை மாற்றிச் சக்கரக் கோணங்களைச் சரிசெய்ததும் பழைய கார் விழித்துக்கொள்கிறது. அதிகக் குதிரைத்திறனுக்குச் செலவிடும் பணத்தை முதலில் இங்கே செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டைமிங் பெல்ட்டும் ரப்பர்தான். உள்ளே நார்கள், வெளியே பற்கள். ஏறக்குறைய 96,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்பது வழக்கம். அவ்வளவு ஓடாத காரிலும் ஆண்டுகள் கடந்தால் மாற்றியே ஆக வேண்டும். பெல்ட் அறுந்தாலும் இந்த இன்ஜினில் பிஸ்டன் வால்வில் மோதாது என்பது ஒரு வரம். வழியில் நிற்பதோடு போகும். ஆனால் தொடக்க ஆண்டுகளில் வந்த 1.6 லிட்டர் இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை குட்டையானது. பெல்ட் மாற்றும்போது புல்லியின் போல்ட்டைச் சரியான முறுக்கத்தில் இறுக்காவிட்டால் புல்லி ஆடி, சாவிப் பள்ளம் தேய்ந்து, கிராங்கே வீணாகும். பராமரிப்பு செய்தால் மட்டும் போதாது, முறையாகச் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

துரு: உண்மையான எல்லைக்கோடு

எந்தப் பாகத்தையும் வாங்கி மாற்றலாம். பாடி அரித்துப்போனால் கார் முடிந்தது. இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். நீரில் உப்பு கரைந்திருந்தால் மின்னோட்டம் எளிதாகப் பாய்ந்து வினை பன்மடங்கு வேகமெடுக்கும். பிரிட்டனில் குளிர்காலத்தில் பனி உறையாதிருக்கச் சாலையெங்கும் உப்பு தூவுகிறார்கள். மடிப்புகளுக்குள் ஒட்டிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்வதால் மழை நின்ற பிறகும் அரிப்பு நிற்பதில்லை. உப்புநீரில் நனைந்த காரைக் கழுவாமல் கதகதப்பான கராஜில் நிறுத்தினால் நிலைமை இன்னும் மோசமாகும். வெப்பம் வேதிவினையை முடுக்குகிறது. காற்றோட்டமான குளிர்ந்த கொட்டகை அதைவிட மேல்.

எம்எக்ஸ்-5க்குத் தனியான ஒரு பலவீனம் உண்டு. கூரைத் துணியில் வழியும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள வடிகால் துளைகள் வழியே இறங்கிப் பின்சக்கரங்களுக்கு முன்னால் வெளியேற வேண்டும். இலைச்சருகும் தூசியும் அந்தத் துளைகளை அடைத்தால் நீர் திசைமாறிக் கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிக்குள் புகுந்து தேங்கும். சில் உள்ளிருந்து அழுகும். வெளியே பெயின்ட்டில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு கரைந்திருக்கும். துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பன்மடங்கு இடம் பிடிப்பதால்தான் பெயின்ட் அப்படி உப்புகிறது. வருடத்துக்கு இருமுறை வளையும் மெல்லிய கம்பியால் அந்த வடிகால்களைச் சுத்தம் செய்வதும், குளிர்காலத்துக்கு முன் உட்குழிவுகளுக்குள் மெழுகு பீய்ச்சுவதும், வசந்தத்தில் அடிப்பக்கத்தை நன்னீரால் கழுவுவதும் இந்தக் காரின் ஆயுளை எதையும்விட அதிகம் நீட்டிக்கும்.

பிரிட்டனின் கட்டாய வருடாந்திரச் சோதனையான எம்ஓடி 1960இல் தொடங்கியது. சீட் பெல்ட், சஸ்பென்ஷன் போன்றவை பொருத்தப்பட்ட இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு அரித்து வலுவிழந்திருந்தால் கார் தோல்வி அடையும். சோதனை முடிவுகளை யாரும் இலவசமாக இணையத்தில் பார்க்கலாம். பழைய கார் வாங்குபவர் அந்த வரலாற்றை வருடம் வருடமாகப் படிக்க வேண்டும். ‘லேசான துரு’ என்ற குறிப்பு ஆண்டுதோறும் வந்து, வேலை செய்ததற்கான தடயமே இல்லையென்றால் அந்தக் காரின் பளபளப்பை நம்பக்கூடாது.

நிறுத்திவைப்பதன் விலை

ஓடாமல் நிற்கும் காரில் பேட்டரி தானாகவே சார்ஜை இழக்கிறது. முழுச் சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி வாரக்கணக்கில் அதற்குக் கீழே கிடந்தால், தகடுகளில் படியும் ஈய சல்பேட் கெட்டியான படிகமாகிவிடும். பிறகு சார்ஜ் செய்தாலும் முழுதாகத் திரும்பாது. பிரேக் டிஸ்க்கில் துரு ஏறும். பின்சக்கரக் கேலிப்பருக்குள்ளேயே இருக்கும் ஹேண்ட்பிரேக் பொறி இறுகிப்போகும். எம்எக்ஸ்-5இல் இது பரிச்சயமான பழுது. ஆயில் சீல்கள் காய்ந்து சுருங்கும். தொட்டியில் நிற்கும் பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து வழக்கமான பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதம் வரை உண்டு. அதுவும் ஈரத்தை ஈர்க்கும், பழைய ரப்பர் குழாய்களைத் தாக்கும். எனவே பழைய காருக்கு, எத்தனால் 5 சதவீதத்துக்கு மிகாத உயர்வகைப் பெட்ரோல் பாதுகாப்பானது.

தினமும் ஓடும் காரில் இவற்றில் பல நடப்பதே இல்லை. நடப்பவையும் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். புதிதாகக் கேட்கும் முனகல், பெடலில் ஒரு அங்குலக் கூடுதல் இறக்கம், காலையில் நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஆயில்: இவற்றைக் கவனிக்கும் மெக்கானிக் ஓட்டுநரேதான். சென்சர் எதையும் நம்பாமல், கையாலும் காதாலும் மூக்காலும் ஒரு இயந்திரத்தை அறிந்துகொள்ளும் இந்தப் பழக்கம், பழைய ஸ்போர்ட்ஸ் கார் தரும் மகிழ்ச்சிகளில் முக்கியமானது.

அன்றாடம் ஓட்டுவதற்கு எல்லைகளும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் வந்த இந்தச் சிறிய காரில் வழுக்கலைத் தானே கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பு கிடையாது. பலவற்றில் ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் இல்லை. மோதலைத் தாங்கும் பாடி அமைப்பில் இன்றைய கார்களோடு அதை ஒப்பிடவே முடியாது. ஆகவே மோதாமல் தப்பிக்கும் திறன் முழுதாக இருந்தாக வேண்டும். நல்ல டயர், புதிய பிரேக் ஆயில், தளராத புஷ், தெளிவாகத் தெரியும் பின்கண்ணாடி ஆகியவை இந்தக் காருக்கு அழகுக்காகச் செய்பவை அல்ல. குழந்தைகளை ஏற்றிச் செல்ல வேண்டிய வீட்டுக்கு வேறொரு கார் வேண்டும்.

வரிசை தெரிந்தால் போதும்

ஒரு பழைய காரை வாங்கிய முதல் ஆண்டில் பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது? மேலே சொன்ன அறிவியலே வரிசையைச் சொல்லிவிடுகிறது. முதலில் தண்ணீர்: வடிகால், சில், அடிப்பக்கம். அடுத்து திரவங்கள்: இன்ஜின், கியர், டிஃபரன்ஷியல் ஆயில்கள், பிரேக், கிளட்ச், கூலண்ட். மூன்றாவது ரப்பர்: டயர், டைமிங் பெல்ட், ஹோஸ், புஷ். நான்காவது மின்சாரம்: பேட்டரி, எர்த் இணைப்புகள், வயதேறிய கட்டுப்பாட்டுப் பெட்டியின் கெப்பாசிட்டர்கள். பெயின்ட்டும் அலங்காரமும் அதற்குப் பிறகு. மேலோட்டமாகப் பார்த்து வாங்குபவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, பளபளக்கும் காரோடு வழியில் நிற்கிறார்கள்.

வரிசையாகச் செய்தாலும் பாகம் கிடைக்காவிட்டால் எல்லாம் வீண். 2017இல் மாஸ்டா நிறுவனம் ஜப்பானில் முதல் தலைமுறைக் கார்களைப் புதுப்பித்துக் கொடுக்கும் சேவையை அறிவித்தது. கூரைத் துணி, மர ஸ்டியரிங் வீல், அந்தக் காலத்து 14 அங்குலச் சக்கரத்துக்கான பிரிட்ஜ்ஸ்டோன் டயர் முதலியவற்றை மீண்டும் தயாரித்தார்கள். விற்று முப்பது ஆண்டு ஆகப்போகும் காருக்கு அதைச் செய்த நிறுவனமே மீண்டும் பாகம் வார்த்துக் கொடுப்பது எல்லா நிறுவனங்களும் பின்பற்ற வேண்டிய நெறி. பாகமும், படித்துப் பழுதுபார்க்கும் மனமும் இருக்கும்வரை காருக்கு இறுதி வயது என்று ஒன்றை முன்கூட்டியே விதிக்க வேண்டியதில்லை. அதைத் தீர்மானிப்பவர் உரிமையாளர். தேய்வதை மாற்றி, கெடுவதைக் கெடுமுன் மாற்றி, தண்ணீரை வெளியே வைத்து, தினமும் ஓட்டுபவரிடம் இருக்கும் கார் இன்னொரு தலைமுறைக்கும் ஓடும்.